எஞ்சினுக்குப் பணம்: எந்த வழி ஹலால், எந்த வழி ஹராம்?

வாடைக்காற்று அடங்கிக் கொட்டியாரக் குடாவில் அலை தணியும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் என் வீட்டு முற்றத்துக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். கையில் ஒரு படிவம் இருக்கும். “சேர், இதில் வட்டி இல்லை என்று போட்டிருக்கிறார்கள். கையெழுத்து வைக்கலாமா?” திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவில் வணிகக் கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். மார்க்கத் தீர்ப்பு வழங்கும் முப்தி அல்ல. பத்திரத்தை வரி வரியாக வாசித்து, பணம் யாரிடமிருந்து யாரிடம் எதற்காகப் போகிறது என்று காட்டுவேன். தீர்ப்பை மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம் கேட்கச் சொல்லி அனுப்புவேன்.

இந்த முறை கிண்ணியாவிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் வந்தவர்களின் கேள்வி ஒன்றுதான். மீன்பிடி வள்ளத்தின் பழைய எஞ்சின் செத்துவிட்டது, புதியது வாங்க ஏறக்குறைய எட்டு இலட்சம் வேண்டும், எங்கே எடுப்பது?

ஹலால் (மார்க்கம் அனுமதித்தது), ஹராம் (தடுத்தது) என்றதும் நம் ஊரில் பேச்சு நேராகச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறது. பிஸ்கட் பொதியில் இலச்சினை இருக்கிறதா, நண்டு கூடுமா கூடாதா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். மீனைப் பற்றி அந்தச் சந்தேகமே இல்லை. கடல் வேட்டை உங்களுக்கு ஆகுமாக்கப்பட்டது என்று குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் சொல்லிவிட்டது. மீன் ஹலால். அந்த மீனைப் பிடிக்கப் போன எஞ்சினின் கடன் எப்படிப்பட்டது என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

நுஃமான் பின் பஷீர் (ரழி) அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது: ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே பலரும் அறியாத சந்தேகமானவை உள்ளன. கடன் விடயத்தில் நம்மவர்கள் இடறுவது பெரும்பாலும் அந்த நடுவிடத்தில். ஆகவே முதலில் அளவுகோல்களை வைத்துக்கொள்வோம்.

## எதை வைத்து அளப்பது?

கூடுதல் பணம் எதற்காக? பணம் கொடுத்துக் கூடுதல் பணம் வாங்கினால் அது ரிபா, அதாவது வட்டி. பொருளை விற்று இலாபம் வைத்தால் அது வியாபாரம். “அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கினான்” என்ற அல்பகரா 275ஆம் வசனம் பிரிக்கும் கோடு இதுவே.

இழப்பு யார் தலையில்? ‘அல்கராஜு பிழ்ழமான்’ என்று ஒரு நபிமொழி உண்டு. பொறுப்பை ஏற்பவனுக்கே பலன் உரியது என்பது அதன் கருத்து. இலாபம் மட்டும் எனக்கு, இழப்பு முழுவதும் உனக்கு என்று எழுதப்பட்ட பத்திரத்தை எந்த அரபுப் பெயரிட்டு அழைத்தாலும் நான் சந்தேகத்தோடுதான் வாசிப்பேன்.

விலையும் தவணையும் முடிவானவையா? பின்னால் ஏறலாம், இறங்கலாம் என்று விட்டுவைத்தால் அது கரர் எனப்படும் நிச்சயமின்மை.

பிந்தினால் என்ன? தண்டப் பணம் உண்டா, உண்டென்றால் அது யார் பைக்குப் போகிறது?

வாடையைத் தாங்குமா? நவம்பரிலிருந்து ஜனவரி வரை நம் பக்கத்தில் பல நாட்கள் வள்ளம் கரையில்தான் கிடக்கும். பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை என்பது கொழும்புச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். கடலோடு வாழ்பவர் இதை மார்க்கக் கேள்விக்கு அடுத்தபடியாகக் கட்டாயம் கேட்க வேண்டும்.

## வட்டிக்கடனும் நகை அடகும்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. வங்கிக்கடன், நுண்கடன், நகை அடகு எல்லாவற்றிலும் கொடுப்பது பணம், திரும்பி வருவது கூடுதல் பணம். வங்கி வட்டியும் ரிபாவே என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் (மார்க்கச் சட்ட) கழகம் 1985இல் தீர்மானித்தது. “வாங்குகிறவனுக்குத்தானே பாவம், கொடுக்கிற எனக்கென்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், இரு சாட்சிகள் எல்லோரும் சமம் என்று ஜாபிர் (ரழி) அறிவிக்கும் நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது.

ஒரு தவறான எண்ணத்தை மட்டும் திருத்த வேண்டும். அடகு வைப்பது ஹராம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் வபாத்தானபோது அவர்களின் கவசம் முப்பது ஸாஉ (அக்கால முகத்தல் அளவை) வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்று ஆயிஷா (ரழி) சொல்கிறார்கள். ஹராமானது அடகோடு ஒட்டிவரும் வட்டி. வட்டியில்லாத் தங்க அடகு என்று சில இடங்களில் நடக்கிறது. அங்கே வாங்கும் கட்டணம் நகையைப் பாதுகாக்கும் உண்மைச் செலவா, கடன் தொகைக்கு ஏற்ப ஏறும் தொகையா என்று பாருங்கள். ஒரே நகைக்கு இரண்டு இலட்சம் எடுத்தால் ஒரு கட்டணம், நான்கு இலட்சம் எடுத்தால் இரு மடங்கு என்றால் அது பாதுகாப்புக் கூலி ஆகாது.

நிர்ப்பந்தம் வந்தால் தடை தளரும் என்பதும் மார்க்கத்தில் உள்ளதே. உயிர் காக்கும் சிகிச்சை போன்ற இடத்துக்கு அதை ஆலிம்கள் சொல்கிறார்கள். எஞ்சின் அந்த வாசலில் நுழையாது என்பது என் எண்ணம். மற்ற எல்லா வழிகளும் அடைபட்டிருந்தால் ஆலிமிடம் நேரில் சொல்லிக் கேளுங்கள், நீங்களே தீர்ப்பு வழங்கிக்கொள்ளாதீர்கள்.

## முதலாளி தரும் முற்பணம்

கரையில் அதிகம் பேர் எடுப்பது இதைத்தான். படிவம் இல்லை, பிணை இல்லை, வட்டி என்ற சொல் இல்லை. மீன் வாங்கும் முதலாளி ஐந்து இலட்சத்தை எண்ணிக் கொடுப்பார். “மீனை எனக்கே போட வேண்டும்” என்பது மட்டும் பேச்சு. பலரும் இதை ஹலால் என்று நிம்மதியாக நம்புகிறார்கள். இதனால்தான் இதற்கு நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

இறக்கக்கண்டிக்காரருடன் அமர்ந்து கணக்குப் போட்டேன். இலக்கங்களை எளிமையாக்கித் தருகிறேன். முதலாளி கொடுக்கும் விலை கரை விலையைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் குறைவு. நாளொன்றுக்கு 30 கிலோ, மாதம் 20 நாள் தொழில். 60ஐ 30ஆல் பெருக்கினால் 1,800; இருபது நாளுக்கு 36,000 ரூபாய். இவ்வளவு கழிந்த பின்னும் முற்பணம் ஐந்து இலட்சமும் அப்படியே நிற்கிறது. அதாவது மாதத்துக்கு நூற்றுக்கு ஏழு ரூபாய்க்கும் மேல். எந்த வங்கியும் கேட்கத் துணியாத வீதம் அது. அவர் சிறிது நேரம் பேசவே இல்லை. மூன்று ஆண்டுகளாக அந்த முற்பணத்தில் இருக்கிறார்.

‘பயனை இழுத்து வரும் கடன் எல்லாம் வட்டி’ என்பது பிக்ஹ் அறிஞர்கள் வைத்த விதி. கடன் கொடுத்ததற்காக விலையைக் குறைத்து வாங்குவது அந்தப் பயன்தான். ஆக, எழுத்தில் வட்டி இல்லாத இந்த ஏற்பாடு, அளவுகோலில் வைத்தால் முதலாவதிலேயே விழுகிறது.

ஆனால் இதே முதலாளியை வைத்து ஹலாலாகச் செய்யவும் வழி இருக்கிறது. ஒன்று, கடன் வேறு, விற்பனை வேறு என்று பிரித்துவிடுவது: அன்றன்றைய கரை விலைக்கே அவர் எடுக்கட்டும், கடனின் ஒரு பகுதி ஒவ்வொரு முறையும் கழியட்டும், வேறு இடத்தில் விற்கவும் வள்ளக்காரருக்கு உரிமை இருக்கட்டும். அவருக்கு மீன் தடையில்லாமல் வருவதே ஆதாயம் என்று ஒப்புக்கொள்ளும் நல்ல முதலாளிகளை எனக்குத் தெரியும். இரண்டு, ஸலம் என்ற முன்விற்பனை. மதீனாவாசிகள் ஓராண்டு ஈராண்டுக்கு முன்பே பழங்களுக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். “குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட நிறையில், குறிப்பிட்ட தவணைக்குச் செய்யுங்கள்” என்று நபி (ஸல்) அவர்கள் அதை ஒழுங்குபடுத்தினார்கள். பணம் முழுவதும் முன்னரே கொடுக்கப்பட வேண்டும். பொருளின் வகை, தரம், எடை, நாள் எல்லாம் முடிவாக வேண்டும். இதில் விலை குறைவாக இருப்பது குற்றமில்லை, ஏனென்றால் அது கடனல்ல, விற்பனை. தம்பலகாமத்து நெல்லுக்கு இது அழகாகப் பொருந்தும். மீனுக்குக் கடினம்: என்ன பிடிபடும் என்று யார் எழுதிக் கொடுப்பது? இன்ன வள்ளத்தில் ஏறுவதெல்லாம் உனக்கு என்று எழுதினால் அது ஸலம் ஆகாது.

## முராபஹா

இலங்கையில் 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் வட்டியில்லாத இஸ்லாமிய வங்கித் தொழிலுக்கு இடம் கொடுத்தது. 2011இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கியது. வழக்கமான வங்கிகள் சிலவும் இஸ்லாமியப் பிரிவுகளை நடத்துகின்றன. அவற்றில் அதிகம் வழங்கப்படும் வழிகளில் முராபஹா ஒன்று.

நிறுவனம் எஞ்சினைக் கடையில் 8 இலட்சத்துக்கு வாங்குகிறது. அடக்கவிலை இது, என் இலாபம் 1,60,000 என்று வெளிப்படையாகச் சொல்லி, 9,60,000க்கு உங்களுக்கு விற்கிறது. நீங்கள் 24 மாதம், மாதம் 40,000 செலுத்துகிறீர்கள்.

“வட்டிக்கு எடுத்தாலும் இதே தொகைதானே வருகிறது, பெயரை மாற்றிவிட்டால் ஆயிற்றா?” இதை மாணவர்கள் வகுப்பிலேயே கேட்டிருக்கிறார்கள். நேர்மையான கேள்வி. ‘வியாபாரமும் வட்டியைப் போன்றதுதானே’ என்று அன்று சொன்னவர்களைப் பற்றி மேற்சொன்ன வசனமே பேசுகிறது. வேறுபாடு தொகையில் இல்லை, நடுவில் இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் இருக்கிறது: நிறுவனம் வாங்கியதற்கும் உங்களுக்கு விற்றதற்கும் இடையில் எஞ்சின் யாருடையது? கடையிலிருந்து வரும் வழியில் லொறி கவிழ்ந்தால் நட்டம் நிறுவனத்துக்கு. அந்தப் பொறுப்பை அது உண்மையாகவே சுமந்தால் இலாபம் ஹலால். அதைச் சுமக்காமல் காகிதத்தில் மட்டும் வாங்கி விற்றால், உள்ளே இருப்பது வட்டிக்கடன்.

ஆகவே மறைந்திருக்கும் இடங்களைச் சொல்கிறேன். பணத்தை உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, “பிறகு ஒரு பற்றுச்சீட்டுக் கொண்டுவாருங்கள்” என்றால் நின்று யோசியுங்கள். விற்பனைப் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்திட்ட திகதி, நிறுவனம் எஞ்சினை வாங்கிய திகதிக்கு முந்தியதாக இருந்தாலும் அப்படியே. தன்னிடம் இல்லாததை விற்காதே என்பது நபிமொழி. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எஞ்சினை உங்களுக்கே ‘விற்க’ முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிந்தினால் அறவிடும் தண்டத்தை நிறுவனம் வருமானமாக வைத்துக்கொள்ளக் கூடாது, தர்மத்துக்குப் போக வேண்டும். அது எந்த வாசகத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டிக் கட்டி முடித்தால் கழிவு கிடைக்குமா என்பது பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல.

பணக் கணக்கிலும் ஒரு செய்தி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை ஒரே நாளில் 7.5இலிருந்து 14.5ஆக உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்தவர்களின் தவணை ஏறியது. முராபஹாவில் விலை ஒருமுறை முடிவானால் முடிவானதுதான். அதற்குப் பதில், வீதங்கள் இறங்கும் காலத்திலும் நீங்கள் பேசிய விலையையே கட்டுவீர்கள்.

## இஜாரா

நிறுவனம் எஞ்சினை வாங்கி வாடகைக்குக் கொடுக்கிறது. கடைசியில் தனி உடன்படிக்கையால் உங்களுக்குச் சொந்தமாகிறது. உரிமையாளர் நிறுவனம் என்பதால், உங்கள் கவனக்குறைவு இல்லாமல் எஞ்சின் கடலில் போய்விட்டால் வாடகை நின்றுவிட வேண்டும். பெரிய திருத்தச் செலவும் அவர்களுடையது. சாதாரண லீசிங்கில் பொருள் அழிந்தாலும் தவணை ஓடும். அளவுகோலில் இஜாரா நன்றாகவே நிற்கிறது. ஆனால் கடலில் ஓடும் எஞ்சினுக்கு இதைக் கொடுக்க நிறுவனங்கள் எளிதில் முன்வருவதில்லை. கொடுப்பவர்கள் பொறுப்பு முழுவதையும் வாடகைக்காரர் தலையில் கட்டும் வாசகத்தைச் சேர்த்தால், பெயர் மட்டுமே இஜாரா. மீன் ஏற்றும் லொறி, முச்சக்கர வண்டி போன்ற பதிவுள்ள வாகனங்களுக்கு இதையே முதலில் கேளுங்கள்.

## பங்கு: முஷாரகாவும் முழாரபாவும்

என் மனத்துக்கு மிக நெருக்கமானது இந்த வழி. இருவரும் பணம் போட்டால் முஷாரகா. ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் போட்டால் முழாரபா. இலாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிப்பார்கள். நட்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்புப் போகும். வாடையில் தொழில் இல்லையென்றால் கொடுக்க வேண்டியதும் இல்லை. நாம் தேடும் ஐந்து அளவுகோலும் நிறைவேறுகின்றன.

இதைக் கெடுப்பது ஒரே ஒரு வாசகம்: “மாதம் இவ்வளவு தந்துவிடுகிறேன்.” இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் மூன்று இலட்சத்தை உறவினர் ஒருவரின் கடையில் போட்டேன். மாதம் ஒன்பதாயிரம் ‘இலாபம்’ என்று பேச்சு. எட்டு மாதம் வாங்கினேன். ஒருநாள் ஜும்ஆவுக்குப் பின் மௌலவி ஒருவரிடம் வேறு ஏதோ பேசப் போய், இதைச் சொன்னேன். “கடையில் நட்டம் வந்த மாதம் எவ்வளவு வாங்கினீர்கள், சேர்?” என்று கேட்டார். அதே ஒன்பதாயிரம். கணக்குப் படிப்பித்தவன், என் கையிலிருந்தது வட்டி என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த எழுபத்திரண்டாயிரத்தை மூலதனத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி, மீதியை மட்டும் திரும்பப் பெற்றேன். ‘உங்கள் மூலதனம் உங்களுக்கு உண்டு’ என்ற அல்பகரா 279ஆம் வசனத்தை அதற்குப் பிறகு வேறு விதமாகவே ஓதுகிறேன்.

தொழிலில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஒருவர் எஞ்சினையோ வள்ளத்தையோ கொடுத்து, மற்றவர் கடலுக்குப் போய், பிடிபாட்டில் பாதி என்று பேசும் வழக்கம் நம் கரையில் பழையது. ஹன்பலி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) இதற்கு இடம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் இல்லை. ஷாபிஈ வழியில் நிற்க விரும்புபவர் எஞ்சினுக்கு நாள் வாடகை பேசிக்கொள்ளலாம். ஆலிமிடம் இதைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மறைவான செலவு நம்பிக்கைதான். தினமும் எத்தனை கிலோ, என்ன விலை, எண்ணெய் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சொந்தக்காரனிடம் எழுத்து எதற்கு என்று வெட்கப்படுகிறவர்கள்தான் பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்தின் முன் நிற்கிறார்கள்.

## கைமாற்று, சீட்டு, ஸகாத்

கொடுத்ததையே திரும்பப் பெறும் கர்ழ் ஹஸன் ஐயமற்ற ஹலால். எட்டு இலட்சத்துக்கு எளிதில் கிடைக்காது என்பதே குறை. எல்லோரும் ஒரே தொகை போட்டு ஒரே தொகை எடுக்கும் சீட்டை ஆலிம்கள் பலர் ஆகும் என்கிறார்கள். கழிவுக்குக் கேட்டு எடுக்கும் ஏலச்சீட்டில் வட்டி நுழைந்துவிடுகிறது. கட்டாயத் தர்மமான ஸகாத்தைப் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் ஏழைகளும் கடனில் மூழ்கியவர்களும் உண்டு (அத்தவ்பா 60). வள்ளத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் கடனைத் தேடும் முன் ஸகாத் குழுவைத் தேடட்டும். அதில் வெட்கம் கிடையாது, அது அவருடைய உரிமை.

## ஒரே பார்வையில்

| வழி | கூடுதல் எதற்கு? | எஞ்சின் அழிந்தால் | வாடையில் | நிலை |
|---|---|---|---|---|
| வட்டிக்கடன், வட்டி அடகு | பணத்துக்கு | முழுக் கடனும் உங்களுக்கு | தவணை ஓடும் | ஹராம் |
| நிபந்தனை முற்பணம் | மீன் விலையில் மறைவாக | கடன் நிற்கும் | கடன் குறையாது | பயன் இழுக்கும் கடன் |
| முராபஹா | விற்பனை இலாபம் | விற்ற பின் உங்களுக்கு | முன்பே பேசினால் மாற்றலாம் | முறைப்படி நடந்தால் ஹலால் |
| இஜாரா | வாடகை | உரிமையாளருக்கு | பேச வேண்டும் | பொறுப்பை மாற்றாவிட்டால் ஹலால் |
| பங்கு | இலாபத்தில் விகிதம் | முதலுக்கேற்ப | தொழில் இல்லையேல் இல்லை | நிலையான தொகை பேசாவிட்டால் ஹலால் |
| கைமாற்று, சமச்சீட்டு | எதுவும் இல்லை | கடன் நிற்கும் | பேச்சைப் பொறுத்தது | ஹலால் |

## யாருக்கு எது?

தோப்பூர்த் தம்பிக்குச் சவூதியில் வேலை செய்யும் மச்சான் இருக்கிறார். பணம் சும்மா கிடக்கிறது. அவருக்குப் பங்கைச் சொன்னேன், கொப்பியோடு. கிண்ணியாவிலிருந்து வந்தவருக்கு நிலையான வருமானமுள்ள மகன் இருக்கிறான். மாதத் தவணை கட்ட முடியும், புதிய எஞ்சின்தான் வேண்டும், முராபஹா போதும். வாடை மூன்று மாதத்துக்குத் தவணையைக் குறைத்து மற்ற மாதங்களில் கூட்டித் தரும்படி கையெழுத்துக்கு முன்பே கேட்கச் சொன்னேன். பின்னர் கேட்டால் விலை மாறாமல் நாள் தள்ளித் தருவது அவர்களின் தயவு.

இறக்கக்கண்டிக்காரரின் நிலைதான் கடினம். புதிய எஞ்சினைவிட அந்த ஐந்து இலட்சத்திலிருந்து விடுபடுவது அவருக்கு முதல் தேவை. புதிய கடன் எடுத்துப் பழையதை அடைப்பதை நான் ஏற்கவில்லை. பழைய எஞ்சினைத் திருத்த ஒரு இலட்சத்து இருபதாயிரம் ஆகும் என்று மெக்கானிக் சொன்னார். அதை இரண்டு சகோதரர்கள் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார்கள். முதலாளியிடம் நானும் போனேன். விலையைக் கரை விலையாக்கி, அந்த அறுபது ரூபாயை ஒவ்வொரு கிலோவிலும் கடனில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். மாதம் 36,000 வீதம் பதினான்கு மாதத் தொழிலில் கடன் தீர்ந்துவிடும். முதல் பக்கத்தில் திகதியும் தொகையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, கொப்பியை மகளிடம் கொடுத்திருக்கிறார். அவள் உயர்தரத்தில் கணக்கியல் படிக்கிறாள்.